டாஸ்மேனியாவைச் சுற்றி நண்பர்களோடு ஒரு டென்ட் பயணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் நெருங்கினால் மெல்பர்ன், சிட்னி தமிழ் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "டாஸி போகலாமா?" நாலு பேர் சேர்ந்து, காரில் டென்ட்டைப் போட்டுக்கொண்டு தீவைச் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. கிளம்புமுன் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் அடிப்படையாக நான் சொல்வது ஒன்றே: மாலை நாலு மணிக்குள் காரை நிறுத்தி டென்ட் போட்டுவிடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

முழுத் தீவையும் சுற்ற எத்தனை நாள் வேண்டும்?

நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் இரண்டு வாரம். சுற்றியுள்ள சின்னத் தீவுகளையும் சேர்த்தால் டாஸ்மேனியாவின் பரப்பு ஏறக்குறைய 68,000 சதுர கிலோமீட்டர். கிட்டத்தட்ட இலங்கை அளவு. இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரிந்துவிடும்: கொழும்பிலிருந்து கிளம்பி யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, நுவரெலியா எல்லாவற்றையும் நாலு நாளில் முடிக்கலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் டாஸ்மேனியா என்றால் சொல்கிறார்கள். ஆஸ்திரேலிய வரைபடத்தில் அது ஒரு துளியாகத் தெரிவதுதான் காரணம்.

சாலைகள் நல்ல சாலைகள்தான், ஆனால் வளைவுகள் அதிகம். தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து மேற்கே குவீன்ஸ்டவுன் சுமார் 260 கிலோமீட்டர். மெல்பர்ன் பெருவழிச்சாலையில் அது மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. இங்கே நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் நெல்சன் அருவிக்கு இறங்கி நடந்தால் இன்னும் கூடும்.

அதனால் ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் பாதித் தீவை மட்டும் எடுங்கள். முதல்முறை போகிறவர்களுக்குக் கிழக்குக் கரை. மழை குறைவு, கடற்கரைகள் அழகு, டென்ட் போட இடங்கள் நிறைய. மேற்குப் பக்கம் மலையும் மழைக்காடும். அதை இன்னொரு வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். வந்து இறங்கும் நாளும் திரும்பும் நாளும் தவிர, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்டுகிற மாதிரி எந்தத் திட்டமும் போடாதீர்கள்.

அது என்ன நாலு மணிக் கணக்கு? கோடையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்குமே?

டிசம்பரில் ஹோபார்ட்டில் சூரியன் மறைய ஒன்பது மணி நெருங்கிவிடும் என்பது உண்மைதான். மார்ச் நடுவில் அது ஏழரை ஆகிவிடுகிறது. ஆனால் நான் சொல்வது வெளிச்சத்துக்காக மட்டும் இல்லை.

முதல் காரணம் விலங்குகள். வாலபி, பேடிமெலன் (இரண்டும் சின்னக் கங்காரு வகைகள்), வாம்பட், போஸம், டாஸ்மேனியன் டெவில் எல்லாம் அந்தி சாயும்போதுதான் வெளியே வருகின்றன. சாலை ஓரப் புல் அவற்றுக்குப் பிடிக்கும். இந்தத் தீவில் காலை நேரத்தில் வண்டி ஓட்டினாலே தெரியும், சாலையில் எவ்வளவு உடல்கள் கிடக்கின்றன என்று. டெவில்கள் அந்த உடல்களைத் தின்ன வந்து தாங்களும் அடிபடுகின்றன. 1996-இல் முதலில் கண்டறியப்பட்ட முகப் புற்றுநோயால் ஏற்கெனவே எண்ணிக்கை சரிந்துபோன இனம் அது. நாம் சுற்றிப்பார்க்கப் போகிற ஒரு வாரத்தில் அவற்றில் ஒன்றைக்கூடக் கொல்லாமல் திரும்புவது நம் கையில்தான் இருக்கிறது. வாடகைக் கார் என்றால் ஒப்பந்தத்தையும் படித்துப் பாருங்கள். இரவில் விலங்கு மோதிய சேதத்துக்குக் காப்பீடு தராதவர்களும் உண்டு.

இரண்டாவது காரணம் இடம். கிழக்குக் கரையின் நல்ல முகாம் பலவற்றில் முன்பதிவு கிடையாது, முதலில் வருகிறவருக்குத்தான். கடலைப் பார்த்த மாதிரி, காற்றுக்கு மறைவாக உள்ள இடங்கள் மதியத்துக்குப் பிறகு மளமளவென்று நிரம்பும்.

மூன்றாவது, நட்பு. இருட்டில், பசியோடு, யார் கம்பத்தைப் பிடிப்பது என்று தெரியாமல் டென்ட் போடுவதுதான் பயணச் சண்டைகளின் பிறப்பிடம். நாலு மணிக்குப் போட்டு முடித்து, ஐந்து மணிக்கு டீ கையில் இருந்தால் எவ்வளவு பேர் வந்திருந்தாலும் சுமுகமாகப் போகும்.

அப்படியும் ஒரு விலங்கு அடிபட்டால், அல்லது அடிபட்டுக் கிடப்பதைப் பார்த்தால்?

பாதுகாப்பாக நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். இவை பெரும்பாலும் பை வயிற்று விலங்குகள். தாய் செத்திருந்தாலும் பைக்குள் குட்டி உயிரோடு இருக்கலாம். பையை மெதுவாகத் திறந்து பாருங்கள். குட்டி காம்பைக் கவ்விக்கொண்டிருந்தால் இழுக்கவே கூடாது, வாய் கிழிந்துவிடும். ஹோபார்ட்டுக்கு வடக்கே பிரைட்டனில் உள்ள பொனோராங் வனவிலங்குக் காப்பகம் 24 மணி நேர மீட்பு உதவி நடத்துகிறது. கூப்பிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்வார்கள். அந்த எண்ணைப் பயணம் தொடங்குமுன்பே எல்லாருடைய போனிலும் போட்டுக்கொள்ளுங்கள். அடிபட்ட இடத்தை வரைபடத்தில் குறித்துக்கொள்வதும் முக்கியம்.

எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி பிற்பகுதியும் மார்ச்சும் என் தேர்வு. பள்ளி விடுமுறைக் கூட்டம் போயிருக்கும். கடல் நீர் அந்த நேரத்தில்தான் கொஞ்சமாவது சூடாக இருக்கும். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் கூட்டம். ஏப்ரல் கடைசியில் மவுண்ட் ஃபீல்டிலும் கிரேடில் மலையிலும் ஃபேகஸ் என்ற குட்டையான மரம் பொன் நிறமாகி, பிறகு சிவக்கும். குளிருக்கு இலையுதிர்க்கும் ஆஸ்திரேலியப் பூர்விக மரம் அது ஒன்றுதான். குளிரைத் தாங்குகிறவர்கள் அதற்காகவே போகலாம்.

கப்பலா, விமானமா?

சொந்தக் காரும் டென்ட் சாமானும் இருந்தால் கப்பல். ஸ்பிரிட் ஆஃப் டாஸ்மேனியா 2022-லிருந்து மெல்பர்ன் துறைமுகத்தை விட்டு ஜீலாங்கிலிருந்து கிளம்புகிறது. தீவின் வடகரைத் துறைமுகமான டெவன்போர்ட் போய்ச் சேர 9 முதல் 11 மணி நேரம். இரவுக் கப்பலில் ஏறினால் ஒரு நாள் மிச்சம். இடையில் உள்ள பாஸ் நீரிணை சில நாள் நன்றாக ஆட்டும், வாந்தி மாத்திரை கையில் இருக்கட்டும். கோடை டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாகவே எடுத்துவிட வேண்டும், காரோடு ஏறும் இடம்தான் முதலில் தீரும்.

சிட்னி, பிரிஸ்பேனிலிருந்து வருகிறவர்கள் விமானத்தில் லான்செஸ்டன் வந்து காரும் முகாம் சாமானும் வாடகைக்கு எடுப்பது எளிது. நம் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வண்டி இடப்பக்கம் ஓடுவது பழகியதே. அடுப்பு எரிவாயுக் குப்பியை விமானத்தில் கொண்டுபோகவே முடியாது. கப்பலிலும் எரிபொருளுக்குக் கட்டுப்பாடு உண்டு, கேனில் பெட்ரோல் கூடாது. குப்பிகளை டெவன்போர்ட்டில் இறங்கி வாங்குவதே தொல்லையில்லாத வழி.

கறிவேப்பிலை கொண்டுபோகலாமா?

கூடாது. எல்லாருமே கேட்கும் கேள்வி என்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். பச்சைக் காய்கறி, பழம், இலை, செடி எதுவும் தீவுக்குள் போகக் கூடாது. பச்சை மிளகாய், வெங்காயம், இஞ்சி, எலுமிச்சை எல்லாம் இதில் அடங்கும். துறைமுகத்தில் வண்டியைச் சோதிப்பார்கள், மோப்ப நாயும் வரும். காய்க் கிருமிகளும் பழ ஈயும் இல்லாத தீவாக அதை வைத்திருப்பதில்தான் அங்குள்ள ஆப்பிள், செர்ரி விவசாயிகளின் பிழைப்பு இருக்கிறது. அதைக் கெடுப்பது நாமாக இருக்கக் கூடாது.

காலணியின் அடியிலும் டென்ட் ஆணியிலும் ஒட்டிய மண்ணையும் வீட்டிலேயே கழுவி, காயவைத்துக் கொண்டுபோங்கள்.

சாம்பார் பொடி, பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், அரிசி, பருப்பு, அப்பளம் இவற்றால் பிரச்சினை இல்லை. காய்கறியை டெவன்போர்ட் சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம். கிராமத்துச் சாலைகளில் உருளைக்கிழங்கு, பெர்ரி, முட்டையை ஒரு மேசையில் வைத்து, பக்கத்தில் ஒரு காசுப் பெட்டியும் வைத்திருப்பார்கள். விற்க ஆள் இருக்காது. சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், அந்த உருளைக்கிழங்கில் செய்த பொடிமாஸுக்கு ஈடு கிடையாது.

கிழக்குக் கரையில் எங்கெங்கே தங்குவது?

லான்செஸ்டனிலிருந்து செயின்ட் ஹெலன்ஸ் வந்து, அங்கே தண்ணீர்க் கேன்களை முழுக்க நிரப்பிக்கொள்ளுங்கள். பே ஆஃப் ஃபயர்ஸ் (தீக்களின் விரிகுடா) அங்கிருந்து பக்கம். பினலாங் பேயைத் தாண்டி வடக்கே ஸ்விம்கார்ட், கோஸி கார்னர் என்று வரிசையாக முகாம்கள். குழிக் கழிப்பறை உண்டு, குடிநீர் இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று கணக்குப் போட்டால் சமையலுக்கும் சேர்த்துப் போதும்.

அங்குள்ள பாறைகளைப் படத்தில் பார்த்து, நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நேரில் அதைவிட அழுத்தமான நிறம். வெளிர் சாம்பல் கருங்கல்லின் மேல் குங்குமப்பூ நிறத்தில் பாசிக்காளான் படர்ந்திருக்கும். கையை வைத்தால் காய்ந்த சுண்ணாம்புப் பூச்சு மாதிரி சொரசொரக்கும். அலை தொடும் கோட்டுக்குச் சற்று மேலே தொடங்கி, உப்புத்தூறல் எட்டுகிற இடம் வரை அது போகும். மெதுவாக வளர்வது, சுரண்டாதீர்கள். காலை ஆறரை மணி வெயில் அந்தப் பாறையில் விழும்போது எழுந்திருக்க வேண்டும், அதற்காகவே அங்கே டென்ட் போடுகிறோம்.

மணல்மேட்டில் சிப்பி ஓடுகள் குவியலாகக் கிடந்தால் அது குப்பை இல்லை. பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அமர்ந்து சாப்பிட்ட இடங்கள் அவை. 1773-இல் டோபியாஸ் ஃபர்னோ என்ற கப்பல் தலைவர் இந்தக் கரையில் அவர்களுடைய தீக்களைப் பார்த்துத்தான் விரிகுடாவுக்கு இந்தப் பெயரை வைத்தார். அந்தக் குவியல் மேல் வண்டி ஏற்றுவதோ, டென்ட் அடிப்பதோ, ஓடு பொறுக்குவதோ வேண்டாம்.

அடுத்தது ஃப்ரேசினே தேசியப் பூங்கா. வைன்கிளாஸ் பே காட்சி மேடைக்கு ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம் போதும், ஆனால் கடற்கரை வரை இறங்கிவிட்டு வாருங்கள், மேலே நிற்கும் கூட்டத்தில் பாதி அங்கே வராது. பூங்காவின் முக்கிய முகாமுக்குக் கோடை உச்சத்தில் குலுக்கல் முறையில் இடம் தருகிறார்கள். அது கிடைக்காதவர்கள் ஃப்ரெண்ட்லி பீச்சஸ் போகலாம். வசதி குறைவு, தண்ணீர் கிடையாது, ஆனால் கடற்கரை நீளமானது, அமைதியானது.

தெற்கே டாஸ்மன் தீபகற்பத்தில் ஃபோர்டெஸ்கியூ பே. கடைசிப் பகுதி மண் சாலை, மெதுவாகத்தான் போக வேண்டும். அங்கிருந்து கேப் ஹாய் வரை நடந்து திரும்ப நாலு மணி நேரம். கடலிலிருந்து நேராக எழும் கல்தூண்களை முனையில் நின்று பார்க்கலாம். அருகிலேயே போர்ட் ஆர்தர் கைதிகள் குடியிருப்பு இருக்கிறது, அரை நாள் ஒதுக்குங்கள்.

மரியா தீவுக்குப் போவது லாபமா?

நாட்கள் இருந்தால் கட்டாயம். டிரையபன்னாவில் காரை விட்டுவிட்டுப் படகில் போக வேண்டும். தீவில் பயணிகள் கார் கிடையாது, கடையும் கிடையாது. சாப்பாடு எல்லாம் சுமந்துதான் போக வேண்டும். டார்லிங்டனில் டென்ட் போட்டால் அந்தியில் வாம்பட்டுகள் கூடாரத்துக்கு இடையில் புல் மேய்ந்துகொண்டே வரும். புல்லைக் கடிக்கும் சத்தம் உள்ளே படுத்திருப்பவருக்குக் கேட்கும். பக்கத்தில் போய்ப் படம் எடுக்க ஆசை வரும், ஆனால் தள்ளியே நில்லுங்கள். அதன் சாணம் சின்னச் சதுரக் கட்டிகளாகக் கல்லின் மேல் வைத்த மாதிரி இருக்கும். குழந்தைகள் கூட வந்தால் அதைத் தேடுவதே ஒரு நாள் விளையாட்டு.

மேற்குப் பக்கம் எப்படி?

மழைக்குத் தயாராகப் போனால் கிழக்கைவிட மனதைப் பிடிக்கும். ஹோபார்ட்டிலிருந்து முதலில் மவுண்ட் ஃபீல்ட். முகாமிலிருந்து ரஸ்ஸல் அருவி பத்துப் பதினைந்து நிமிட நடைதான், மாலையில் ஆற்றோரம் அசையாமல் நின்றால் பிளாட்டிபஸ் தென்படலாம். பிறகு லேக் செயின்ட் கிளேர், ஆஸ்திரேலியாவின் மிக ஆழமான ஏரி. அப்புறம் குவீன்ஸ்டவுன். செம்பு உருக்க மரங்களை வெட்டி, கந்தகப் புகை மிச்சத்தைக் கொன்று, மழை மேல்மண்ணை அடித்துக்கொண்டு போய், மொட்டையாக நிற்கும் மலைகள். பச்சைக்காட்டின் நடுவே திடீரென்று அதைப் பார்க்கும்போது வண்டியில் பேச்சு நின்றுவிடும்.

கிரேடில் மலையில் சொந்த வண்டியை டவ் ஏரி வரை விட மாட்டார்கள், பார்வையாளர் மையத்திலிருந்து பேருந்து. ஏரியைச் சுற்றி 6 கிலோமீட்டர், இரண்டு மூன்று மணி நேரம். ஜனவரியிலும் பனி விழுந்த நாட்கள் உண்டு, அதனால் மழைக்கோட்டும் கம்பளித் தொப்பியும் இல்லாமல் நடக்கத் தொடங்காதீர்கள்.

தேசியப் பூங்காக்களுக்குக் கட்டணச் சீட்டு வேண்டும். வண்டிக்கு என்று எடுக்கும் விடுமுறைச் சீட்டு எட்டுப் பேர் வரை, இரண்டு மாதம் செல்லும். ஒவ்வொரு பூங்காவிலும் தனித்தனியாகக் கட்டுவதைவிட அது மேல்.

கோடையில் இரவு எவ்வளவு குளிரும்?

கடற்கரையில் 10 டிகிரி சர்வசாதாரணம். மலையில் 5-க்கும் கீழே இறங்கும். ஸ்லீப்பிங் பேக்கில் எல்லாரும் கவனமாக இருக்கிறார்கள், கீழே விரிப்பதில் கோட்டை விடுகிறார்கள். காற்றடைத்த தடிமனான மெத்தை சொகுசாகத் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் காற்று தரையின் குளிரை அப்படியே முதுகுக்குக் கொடுக்கும். குளிர் தடுக்கும் பாய் வாங்குங்கள், அல்லது மெத்தையின் மேல் ஒரு தடித்த போர்வையை விரித்துப் படுங்கள். காற்றுக்குத் தாங்காத மலிவு டென்ட் இந்தத் தீவில் ஒரு ராத்திரிகூட நிற்காது.

சமையல், தீ மூட்டுவது பற்றி?

எட்டுப் பேருக்கு ஒரே பெரிய பாத்திரத்தில் பிரியாணி என்ற எண்ணம் இருந்தால், குப்பியைப் பக்கவாட்டில் செருகும் சின்ன அடுப்பில் அதைச் செய்யாதீர்கள். பாத்திரம் அடுப்பைவிட அகலமாக இருந்தால் சூடு திரும்பி எரிவாயுக் குப்பியின் மேல் விழும், வெடித்த சம்பவங்கள் உண்டு. இரண்டு பர்னர் அடுப்பும் தனிச் சிலிண்டரும் கொண்டு போங்கள். டென்ட்டுக்குள் எந்த அடுப்பையும் பற்றவைக்கக் கூடாது.

விறகுத் தீ எல்லா இடத்திலும் அனுமதி இல்லை. உலகப் பாரம்பரியப் பகுதியில் பெரும்பாலும் அடுப்பு மட்டும்தான். முழுத் தீத்தடை நாள் என்று அறிவித்தால் எங்கேயும் விறகுத் தீ கூடாது, தினமும் காலையில் பாருங்கள். 2016 ஜனவரியில் மின்னலால் மூண்ட தீயில் நடு மேட்டுநிலத்தின் பென்சில் பைன்கள் எரிந்துபோயின. ஆயிரம் ஆண்டு வாழும் மரம், தீயிலிருந்து மீண்டு வராத இனம். அதை நினைத்தால் ஒரு இரவு குளிரைத் தாங்கிக்கொள்வது ஒன்றும் பெரிதில்லை.

சாப்பாட்டை விலங்குகள் தூக்கிப் போகுமா?

போகும். போஸம் டென்ட் துணியையே கிழித்து உள்ளே வரும். எல்லாச் சாப்பாடும் இரவில் காருக்குள் போக வேண்டும், எண்ணெய் வாசனை வரும் பாத்திரமும் சேர்த்து. கிரேடில் மலைப் பக்கம் கருப்பு கர்ராவாங் என்ற பறவை இன்னும் கெட்டி. கீழே வைத்த பையின் ஜிப் பிடியை அலகால் கவ்வி இழுத்துத் திறந்து, ரொட்டியை எடுத்துக்கொண்டு பறந்துவிடும். பிடிகள் இரண்டையும் ஒரு கொக்கியால் இணைத்து வையுங்கள்.

வாலபிக்கு ரொட்டி கொடுக்காதீர்கள். தாடை வீங்கிப் புண்ணாகிச் சாகும் நோய் அதனால் வருகிறது.

பாம்பு உண்டா?

மூன்று வகை, மூன்றுக்கும் விஷம் உண்டு. கணுக்கால் மூடிய காலணி, நடக்கும்போது கண் பாதையில், இது போதும், அவை விலகிப் போகும். கடித்தால் கழுவாமல், கயிற்றால் இறுக்கிக் கட்டாமல், அகலமான எலாஸ்டிக் பேண்டேஜைக் கை அல்லது கால் முழுக்கச் சுற்றி, அசையாமல் வைத்து அவசர எண் 000 அழையுங்கள். மூன்றுக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான்.

நான் அதிகம் பயப்படுவது ஜாக் ஜம்பர் எறும்புக்கு. கருப்பு உடல், ஆரஞ்சு கால், குதித்துக் குதித்து நடக்கும். சிலருக்கு அதன் கடியால் உயிர் போகும் அளவு ஒவ்வாமை வரும். குழுவில் யாருக்காவது பூச்சிக்கடி ஒவ்வாமை முன்பு வந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டு எபிபென் (ஒவ்வாமைக்கான அவசர ஊசி) கொண்டு வாருங்கள்.

எத்தனை பேர் போகலாம்? செலவை எப்படிப் பங்கிடுவது?

நாலு முதல் ஆறு. எட்டுக்கு மேல் போனால் முகாமில் பக்கத்துப் பக்கத்தில் இடம் கிடைக்காது. முதல் நாளே ஆளுக்கு ஒரு தொகையைப் பொதுப் பணமாகப் போட்டு, ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள், பெட்ரோலும் மளிகையும் அதிலிருந்து போகட்டும். சமைத்தவர் பாத்திரம் கழுவ வேண்டாம். ஓட்டுகிறவர் பாட்டைத் தேர்ந்தெடுக்கட்டும். நடக்க முடியாதவரை "சும்மா வாடா மச்சான்" என்று மலையில் ஏற்றாதீர்கள், அவர் முகாமிலேயே இருக்க விரும்பினால் அதுவும் விடுமுறைதான்.

போனில் சிக்னல்?

ஊரை விட்டு வெளியே வந்தால் விட்டு விட்டுத்தான் வரும், மேற்கில் பல இடங்களில் இல்லவே இல்லை. போன் நிறுவனங்களில் டெல்ஸ்ட்ரா மற்றவற்றைவிடப் பரவாயில்லை. வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். நீண்ட நடைக்குப் போனால் செயற்கைக்கோள் அவசர பீக்கனை வாடகைக்கு எடுங்கள்.

எங்களிடம் ஐந்து நாள்தான் இருக்கிறது. வரலாமா?

தாராளமாக. இரவுக் கப்பலில் வந்து காலையில் டெவன்போர்ட்டில் காய்கறி வாங்கி, மதியத்துக்குள் பே ஆஃப் ஃபயர்ஸ். அங்கே இரண்டு இரவு. பிறகு ஃப்ரெண்ட்லி பீச்சஸில் இரண்டு இரவு, ஒரு நாள் வைன்கிளாஸ் பே. ஐந்தாம் நாள் காலை கிளம்பி, காம்பெல் டவுன் வழியாக வடக்கே திரும்பி, மாலைக் கப்பல். ஹோபார்ட்டும் வராது, கிரேடிலும் வராது. இரண்டையும் இதில் திணித்தால் அந்தியில் ஓட்ட வேண்டி வரும், ஆகவே திணிக்காதீர்கள். கப்பல் டிக்கெட் மட்டும் இப்போதே பாருங்கள்.